நான் போட்ட ரோடு

"தாயி, சிங்கப்பூர்லேர்ந்து ரோடு அளக்க வந்தவுக நீங்கதானா?"

பரமக்குடி பேருந்து நிலையத்தில் நான் கால் வைத்ததும் கேட்ட முதல் குரல் இது. கேட்டவர் கருப்பையா. அபிராமத்துக்காரர், ஐம்பதை ஒட்டிய வயது. நான்கு நாள் பயணத்துக்கு அமர்த்தியிருந்த அம்பாசடருக்கு ஓனரும் டிரைவரும் அவரேதான்.

"அளக்கலீங்க அண்ணா. ரோடு சரியா இருக்குதான்னு பாக்கறதுக்கு வந்தனுங்க" என்றேன். நான் கோயமுத்தூரில் பிறந்து வளர்ந்தவள். ஆறு வருடச் சிங்கப்பூர் வாசம் அந்தப் பேச்சை மாற்றவில்லை.

"நம்ம ஊரு ரோடு சரியா இல்லைன்னு நான் போன்லயே சொல்லிருப்பேனே. அதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தீக?" என்று என் பெட்டியை வாங்கிப் பின்னால் வைத்தார்.

அது 2008-ஆம் வருடம், மழைக்காலம் தொடங்கியிருந்த நேரம். இணையத்தில் வரைபடம் தரும் ஒரு நிறுவனத்தில் மென்பொருள் எழுதுவது என் வேலை. ஆட்கள் குறைவாக இருந்த ஆரம்ப காலத்தில் புரோகிராம் எழுதுகிறவர்களும் சாலை வரையவேண்டும். விண்ணிலிருந்து எடுத்த படத்தைத் திரையில் விரித்து, சாலை மாதிரித் தெரிவதன் மேல் மவுஸால் கோடு இழுப்போம். தமிழ் தெரிந்தவள் என்பதால் ராமநாதபுரக் கடற்கரை என் பங்குக்கு வந்தது. அந்தக் கடற்கரையை அதற்கு முன் நான் பார்த்ததே கிடையாது.

பினாங்கில் ஓர் உணவகத்தில் வேலை பார்க்கும் அப்துல் காதர் என்பவர் எங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டே இருந்தார். வாலிநோக்கத்துக்கு அந்தப் பக்கம் கோரைப்பட்டினம் என்கிற அவருடைய ஊருக்குப் போக வரைபடத்தில் ஒரு குறுக்கு ரோடு இருக்கிறது, அப்படி ஒரு ரோடே கிடையாது, எடுத்துவிடுங்கள் என்பதுதான் எல்லாக் கடிதத்திலும் செய்தி. நான் படத்தை மறுபடி பார்த்தேன். கோடு போட்ட மாதிரி வெள்ளையாக, நேராக ரோடு தெரிந்தது. "படத்தில் சாலை தெளிவாகத் தெரிகிறது" என்று பதில் எழுதி அவர் கோரிக்கையை மூடினேன். இரண்டாவது முறையும் அதையே செய்தேன். கடைசியாக வந்த கடிதத்தில் ஒரே ஒரு வரி இருந்தது: "நீங்கள் ஒரு தடவை வந்து அந்த ரோட்டில் நின்று பாருங்கள்."

அதில் கோபம் தெரிந்திருந்தால் மறந்திருப்பேன். அது ஒரு வேண்டுகோளாக இருந்தது. ராமேஸ்வரத்துத் தெருக்களைச் சரிபார்க்கும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டு, அந்தச் சாக்கில் கிளம்பிவிட்டேன்.

முதல் நாள் பரமக்குடியிலிருந்து ராமநாதபுரம் வரை. ஜி.பி.எஸ். கருவியைக் காரின் முன் கண்ணாடியில் ஒட்டவைத்தேன். ஒவ்வொரு பிரிவிலும் நிறுத்தச் சொல்லி, ஊர்ப் பலகையில் இருப்பதை எழுதிக்கொண்டேன். வரைபடத்தில் நாங்கள் 'புதூர்' என்று போட்டிருந்த ஊருக்கு, விசாரித்த மூன்று பேர் மூன்று பெயர் சொன்னார்கள். "மூணுமே சரிதான் தாயி. இங்கன நின்னு கேட்டா ஒரு பேரு, அங்கன நின்னு கேட்டா ஒரு பேரு" என்றார் கருப்பையா. இதற்கு எந்த மென்பொருளிலும் வழி செய்து வைத்ததில்லை.

மத்தியானம் ரோட்டோரக் கடையில் சோறும் வாளைமீன் குழம்பும். சிங்கப்பூரில் நான் தினமும் சாப்பிடும் உணவுக் கூடத்தில் யாரும் யாரையும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. இங்கே என் பேச்சைக் கேட்டபடி பரிமாறிய அம்மாள் நான் குழம்பு ஊற்றிப் பிசைவதைப் பார்த்துவிட்டு, "கொங்கு நாட்டுப் பொண்ணுக்கு எங்க உறைப்பு தாங்காது" என்று கேட்காமலே ஒரு கரண்டி மோரை ஊற்றினார். கண்ணில் நீர் வழிய அவருக்கு நன்றி சொன்னேன்.

மறுநாள் ராமேஸ்வரம். பாம்பன் பாலத்தில் காற்று காரையே ஒரு பக்கமாகத் தள்ளியது. கீழே ரயில் பாலத்தில் ஒரு ரயில் நடைவேகத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது. பாலம் முடிந்ததும் ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டினார். கடலுக்கு அந்தப் பக்கம் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். கண்ணாடியில் ஒட்டியிருந்த கருவியைப் பார்த்ததும் அவர் முகம் இறுகியது.

"என்ன மிஷினு இது? யாரு குடுத்தா?"

அலுவலகக் கடிதத்தைக் காட்டினேன். மடிக்கணினியைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். வரைபடத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தவர் குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார். "இதுல எங்க ஊரு இருக்குமா? முதுகுளத்தூருக்கு மேக்க, சின்ன ஊருதான்." தேடினேன். ஒரு புள்ளியும், அருகில் பெயரும் இருந்தன. தெரு எதுவும் இல்லை. "வேற ஒண்ணும் போடலீங்க சார், மன்னிச்சுக்குங்க" என்றேன். "பேரு இருக்குல்ல, அது போதும்" என்றவர், பக்கத்தில் நின்ற இன்னொரு போலீஸ்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு, கோயில் பக்கம் கருவியை வெளியே நீட்ட வேண்டாம், உள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று புத்தி சொல்லி அனுப்பினார்.

அன்று முழுவதும் கோயிலைச் சுற்றிய தெருக்களில், ஈர வேட்டியும் ஈரப் புடவையுமாக நடக்கும் யாத்ரீகர்களுக்கு நடுவில் நானும் நடந்தேன். எந்தச் சந்து எங்கே முடிகிறது என்று குறித்தேன். நாலு மொழியில் வழி சொல்லும் ஒரு பூக்காரப் பெண், நான் குறித்ததில் இரண்டு தப்புகளைத் திருத்தினாள்.

மூன்றாம் நாள், வியாழக்கிழமை, கோரைப்பட்டினத்துக்குக் கிளம்பினோம். வாலிநோக்கம் உப்பளங்கள் தொடங்கியதும் கண் கூசியது. மழைக்கு முன் வாரிய உப்பைக் குவித்துப் பனையோலை போட்டு மூடியிருந்தார்கள். உப்பளம் முடியும் இடத்தில் கருவி இடப்பக்கம் திரும்பச் சொன்னது. கருப்பையா நிறுத்தினார்.

"இங்கன ரோடு இல்ல தாயி. ஊருக்கு நேரா போயி, வேப்பமரத்தச் சுத்திக்கிட்டுத்தான் போகணும்."

"ஆனா பாருங்க, ரோடு மாதிரித்தான தெரியுது?" என்றேன். உண்மையிலேயே அப்படித்தான் தெரிந்தது. வெள்ளையாக, அகலமாக, நேராகக் கடலைப் பார்த்து ஓடியது. "கொஞ்ச தூரம் போய்ப் பாத்துட்டுத் திரும்பிரலாமுங்க."

அவர் என்னைப் பார்த்தார். ஸ்டியரிங்கைத் திருப்பினார்.

அது பழைய உப்பளத்தின் பெரிய வரப்பு. கைவிட்டுப் பல வருடம் ஆகியிருக்க வேண்டும். பாதி தூரத்தில் வரப்பு உடைந்து தரையோடு தரையாகிவிட்டது. அதற்கு மேல் தரை காய்ந்து வெடித்தது போலத் தெரிந்ததால் வண்டி அப்படியே இறங்கியது. மேலேதான் பொருக்கு, அடியில் களி. முன்சக்கரங்கள் இரண்டும் உள்ளே போயின. கருப்பையா பின்னால் எடுக்கப் பார்த்தார். வண்டி இன்னும் அமுங்கியது. கிழக்கே மழை இருட்டிக்கொண்டு வந்தது.

இறங்கினேன். முழங்கால் வரை களி. ஒரு செருப்பு உள்ளேயே போய்விட்டது. "வண்டி கெடக்கட்டும். நீங்க மொதல்ல வரப்புல ஏறுங்க" என்றார் கருப்பையா. சொன்னேனே, கேட்டீர்களா என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் காரைத் தவிர அவருக்குப் பிழைப்பு கிடையாது. மழை வந்தால் அது அங்கேயே புதைந்துவிடும். அதைவிட, நான் இரண்டு முறை 'தெளிவாகத் தெரிகிறது' என்று எழுதிய ரோடு இதுதான்.

உப்பளத்தில் பாத்தி வேலை பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் ஏழெட்டுப் பேர் எங்களைப் பார்த்துவிட்டு வந்தார்கள். முன்னால் வந்தவர் ராக்கம்மா. புடவைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்டு, தலையில் துண்டைச் சுற்றியிருந்தார். காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"ஏம்மா, படிச்ச புள்ள மாதிரி இருக்க. இதப் பாத்தா ரோடு மாதிரியா தெரியுது?"

"மேலேர்ந்து பாத்தாத் தெரியுதுங்க."

"மேலேர்ந்தா? மேல யாரு போனா?"

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே வேலையில் இறங்கினார்கள். இருவர் ஓடிப்போய்க் கருவேல விறகும் பனைமட்டையும் அள்ளி வந்தார்கள். ராக்கம்மா கைபேசியில் யாரையோ கூப்பிட்டு, டிராக்டரை உடனே எடுத்துவரச் சொன்னார். மண்வெட்டியால் சக்கரத்தைச் சுற்றிக் களியை வெட்டி எடுத்தார்கள். நானும் கையால் வாரினேன். அப்போதுதான் ராக்கம்மா சொன்னார்.

"நாலஞ்சு மாசத்துக்கு முந்தி இதே எடத்துல ஒரு வேன் மாட்டுச்சு. மலேசியாவுலேர்ந்து வந்த பாய் ஒருத்தர். அவுக அம்மா மவுத்தாகிட்டாகன்னு வந்தவரு. வேன் எறங்கவும் குதிச்சு ஓடுனாரு. களியில விழுந்து விழுந்து எந்திரிச்சு ஓடுனாரு. நாங்கதான் கையப் புடிச்சுக் கரையேத்துனோம். ஊருக்குப் போயிச் சேர்றதுக்குள்ள அடக்கம் முடிஞ்சிருச்சு. பெத்த தாயி மொகத்தப் பாக்கல."

"அவர் பேரு தெரியுங்களா?"

"காதர் பாய். கோரைப்பட்டினத்துல அவுக தங்கச்சி இருக்கு."

எனக்கு எழுதிய அதே அப்துல் காதர். அத்தனை கடிதத்தில் ஒன்றில்கூட அவர் இதை எழுதியதில்லை. இங்கே ரோடு இல்லை என்பதை மட்டும்தான் எழுதினார்.

டிராக்டர் வந்தது. கயிறு கட்டி இழுத்தார்கள். முதல் முறை கயிறு அறுந்தது, இரண்டாம் முறை வண்டி ஏறியது. பெரிய துளிகளாக மழை விழ ஆரம்பித்திருந்தது. ராக்கம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டேன். "மழை வருது, போ போ. சுத்தி வேப்பமரத்து வழியா போ" என்று விரட்டினார்.

வேப்பமரத்து வழியாகவே போனோம். காதரின் தங்கை ஜொஹராவின் வீட்டைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. நாற்பது வயதிருக்கும். கணவர் சவூதியில் தம்மாமில் இருக்கிறார். கதவைத் திறந்து, களியில் குளித்து நின்ற என்னைப் பார்த்ததும் யார், எவர் என்றெல்லாம் கேட்கவில்லை. "உள்ள வாங்க, மொதல்ல காலக் கழுவுங்க" என்று குழாயடிக்குக் கூட்டிப்போனார். மாற்றிக்கொள்ளத் தன் கைலியையும் தாவணியையும் கொடுத்தார். கருப்பையாவுக்கு முன்னறையில் நாற்காலி போட்டார். கொஞ்ச நேரத்தில் இடியாப்பமும் மீன் ஆணமும் வந்தன. அந்த ஊரில் குழம்பை ஆணம் என்கிறார்கள்.

ஒரு வாய் வைப்பதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. சொன்னேன். எங்கே வேலை பார்க்கிறேன், என்ன வேலை, அந்த ரோட்டை யார் போட்டது, காதர் எழுதியபோது ரோடு இருக்கிறது என்று பதில் போட்டது யார், எல்லாவற்றையும்.

ஜொஹராவின் கையிலிருந்த கரண்டி பாத்திரத்துக்கு மேலேயே நின்றது.

"ரெண்டு தடவ எழுதியும் ஏலாதுன்னு சொன்னது நீங்கதானா?"

"ஆமாங்க."

முன்னறையில் கருப்பையா சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். பிறகு ஜொஹரா என் தட்டில் ஆணத்தை ஊற்றினார். "சாப்புடுங்க. சோத்த முன்னால வச்சுக்கிட்டு அழவேணாம்."

சாப்பிட்டு முடித்த பிறகுதான் பேசினார். அண்ணனைக் காக்கா என்றார். "உம்மாவ சாயங்காலம் அசர் தொழுகை வரைக்கும் வச்சிருந்தோம். அதுக்கு மேல வைக்க ஏலாம அடக்கிட்டோம். காக்கா வந்து நின்னது எனக்குக் கண்ணுக்குள்ளயே இருக்கு, இடுப்பு வரைக்கும் சேறு. ரெண்டு நாள் இருந்துட்டுப் போனவுகதான். நாப்பதாம் நாளுக்கும் வரல, நோன்புப் பெருநாளைக்கும் வரல. திருச்சியில எறங்கி வேன் புடிச்சவுக, வழியெல்லாம் முழிச்சிருந்து கடைசியில கண்ணசந்துட்டாக. யாரோ கூட்டாளி பிரிண்ட் அடிச்சுக் குடுத்த மேப்பப் பாத்து டிரைவர் திருப்பிட்டான். தூங்கிட்டேன், நான் தூங்கிட்டேன், அது ஒண்ணையேதான் சொல்லிக்கிட்டு இருக்காக." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய? நாளைக்கு ஜும்மா முடிஞ்சு காக்கா போன் பண்ணுவாக. இருந்து அவுகட்டச் சொல்லுங்க."

அன்று ராமநாதபுரம் போய்த் தங்கிவிட்டு, வெள்ளிக்கிழமை காலையில் திரும்பி வந்தோம். ஜொஹரா தயாராக இருந்தார். "போன் வர நேரமிருக்கு. வாங்க, உண்மையான ரோட்டக் காட்டுறேன்" என்று காரில் ஏறினார்.

அந்தக் காலை வேளையை நினைத்தால் இன்றும் மனசு நிறைகிறது. ஜொஹரா பின் இருக்கையிலிருந்து திருப்பத்துக்குத் திருப்பம் பெயர் சொன்னார், நான் குறித்தேன். மழை பெய்தால் எந்தப் பாலம் மூழ்கும், எந்தக் கிணற்றில் குடிதண்ணீர், நர்ஸம்மா எந்த வீட்டில் இருக்கிறார், ராத்திரியில் ஆட்டோ கிடைக்கும் இடம் எது என்று எல்லாம் வந்தன. "இதெல்லாமா மேப்புல போடுவாக?" என்று கருப்பையா கேட்டார். "வேற எதப் போடுவாக? ஆபத்துக்கு ஒதவாதது எதுக்கு?" என்றார் ஜொஹரா. இதைப்பற்றி எங்கள் அலுவலகத்தில் மணிக்கணக்காகக் கூட்டம் போட்டிருக்கிறோம். இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

வீட்டுக்குத் திரும்பிய கொஞ்ச நேரத்தில் கைபேசி அடித்தது. ஜொஹரா விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லி, ஒலிபெருக்கியைப் போட்டு என்னிடம் நீட்டினார். சலாம் சொன்னேன். நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். அந்தப் பக்கம் பாத்திரங்கள் உரசும் சத்தம் மட்டும் கேட்டது.

"அந்த ரோட்ட எம்புட்டு நேரத்துலம்மா போட்டீக?" என்றார் காதர். மெல்லிய குரல்.

"ரெண்டு நிமிஷம் இருக்குமுங்க."

"நானும் அம்புட்டுத்தான் தூங்கிருப்பேன். வாலிநோக்கம் வர்ற வரைக்கும் முழிச்சுத்தான் இருந்தேன்."

"நீங்க தூங்கினது தப்பில்லீங்க. ரோடு இருக்குதுன்னு நான் சொன்னதுதான் தப்பு. அந்த டிரைவர் என்னைய நம்பித்தான் திரும்பியிருக்காரு."

ஜொஹரா புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்.

"அங்கன போயி நின்னு பாத்தீகளா?"

"நின்னனுங்க. எங்க காரும் மாட்டிக்கிச்சு. செருப்பு ஒண்ணு உள்ளயே போயிருச்சு."

"மாட்டிக்கிச்சா? ரெண்டு வீலுமா?" என்றார். பிறகு ஒரு சத்தம் வந்தது. அழுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். ஜொஹரா நிமிர்ந்து பார்த்தார். "காக்கா சிரிக்கிறாக" என்றார், நம்பமுடியாதவர் போல.

சிரித்து ஓய்ந்ததும் காதர் சொன்னார். "ரோட்ட எடுக்குறப்ப எனக்காக இன்னொண்ணும் செய்யுங்க. எங்க மையவாடிய அதுல போட்டு விடுங்க. வேலை முடிஞ்சதும் கம்ப்யூட்டர்ல தெனமும் அந்த எடத்தப் பாப்பேன். வெறும் பச்சையாத்தான் தெரியுது. பேரு இருந்தா உம்மா அங்கன இருக்காகன்னு ஒரு இது."

ஜொஹரா என்னைப் பள்ளிவாசலுக்குப் பின்னால், மையவாடி என்கிற அடக்கத்தலத்துக்குக் கூட்டிப்போனார். சுற்றுச்சுவருக்கு வெளியே நின்று, உள்ளே ஒரு பூவரச மரத்தடியைக் காட்டினார். நாங்கள் இருவரும் அசையாமல் நின்றோம். கருவியில் எண்கள் நிலைகொள்ளும்வரை காத்திருந்து குறித்துக்கொண்டேன்.

சாயங்காலம் ராமநாதபுரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்தேன். ஜொஹரா காட்டிய ரோட்டை முதலில் வரைந்தேன். பிறகு என்னுடைய கோட்டைத் தேர்ந்தெடுத்து அழித்தேன். அழிக்கும் காரணத்தை எழுதும்படி ஒரு கட்டம் வந்தது. அந்தக் கட்டத்தைப் புரோகிராமில் வைத்ததே நான்தான். அதுவரை அதில் 'பிழை' என்பதற்கு மேல் எதுவும் எழுதியதில்லை. "நேரில் சென்று பார்த்தேன். இங்கே சாலை இல்லை" என்று எழுதினேன். கடைசியாக மையவாடியின் பெயரைத் தமிழில் அடித்து, பூவரச மரம் இருந்த இடத்தில் வைத்தேன்.

கருப்பையா என்னைப் பரமக்குடியில் இறக்கிவிட்டார். காரைக் கழுவி முடிக்க இரண்டு நாள் ஆகும் என்றார். அடுத்த தடவை வரும்போது தன்னைத்தான் கூப்பிட வேண்டும் என்றும் சொன்னார்.

புதிய வரைபடம் இணையத்தில் ஏறச் சில வாரங்கள் ஆயின. ஏறிய அன்று சாயங்காலமே பினாங்கிலிருந்து கடிதம் வந்துவிட்டது.

"உம்மா இருக்கும் இடம் தெரிகிறது. ஹஜ்ஜுப் பெருநாளைக்கு ஊருக்குப் போக டிக்கெட் போட்டுவிட்டேன். திருச்சியிலிருந்து வேனில் முன் சீட்டில் உட்கார்ந்து, டிரைவருக்கு நானே வழி சொல்லிக்கொண்டு போவேன்."